பந்தைக் கையால் தொடாத சங்கம்

ஈப்போவில் சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் யாரிடமும் ஒரு வேலையும் வாங்க முடியாது. ஈயக் கம்பெனி தவ்கே, அதாவது சீன முதலாளி, கல்லாவைப் பூட்டிவிடுவார். மலாய்க்காரத் தபால்காரர் தொப்பியை மாற்றிக்கொள்வார். குமாஸ்தா வேலை பார்க்கும் தமிழ்க் கிராணிமார் துவைத்த கால்சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள். எல்லாரும் போய்ச் சேரும் இடம் பாடாங். ஊர் நடுவே புல் வெட்டிவைத்த பெரிய திடலுக்கு இங்கே அந்தப் பெயர். போன மாதம் ஒரு சனிக்கிழமை, காப்பிக் கடையிலிருந்து அந்தத் திடலோரமாக நடந்துகொண்டிருந்தேன். ஆட்டத்திலிருந்த பந்து கோட்டைத் தாண்டி உருண்டுவந்து என் காலடியில் நின்றது. ஆடுகிற இருபத்திரண்டு பேரும், கயிற்றுக்குப் பின்னால் நின்ற கூட்டமும் என்னைப் பார்த்தார்கள். இங்கே இது தினம் நடக்கிற சமாசாரம். எடுத்து எறிந்துவிட்டுப் போகவேண்டியதுதான். சீனக் கிழவர் எறிவார், இடுப்பில் குழந்தை வைத்திருப்பவள் எறிவாள். என் கைகள் இரண்டும் முதுகுப்பக்கம் போய்க் கோத்துக்கொண்டன. நான் அனுப்பவில்லை, தாமாகப் போயின. கடைசியில் வெள்ளைச் சப்பாத்து பாழானாலும் ஆகட்டும் என்று காலால் ஒரு தட்டுத் தட்டி விட்டேன். கூட்டம் சிரித்தது.

என் ஆபீசில் வேலைபார்க்கும் இஸ்மாயில் கூட்டத்தில் இருந்திருக்கிறார். ஓடிவந்து, "தங்ஙான் சாக்கிட்?" என்று கேட்டார். கை வலியா என்று அர்த்தம். உண்மையைச் சொல்ல எனக்குத் தெரிந்த மலாய் போதாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம். ஆமாம் என்று தலையாட்டினேன். மனுஷன் நல்லவர். திங்கட்கிழமை அவர் வீட்டுத் தைலம் ஒரு சீசா கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டு, நான் தேய்த்துக்கொள்ளும்வரை பக்கத்திலேயே நின்றார். ஒரு வாரம் ஆபீஸ் முழுக்க என்மேல் அந்த வாடைதான். ஒரு நோவும் இல்லாத கைக்கு இரண்டு வேளையும் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கிராணி இந்த மலாயாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஊரிலிருந்து கடிதம் போடுகிறவர்கள், அங்கே நம் ஊர் ஞாபகம் வருகிறதா என்று தவறாமல் கேட்கிறார்கள். கப்பலேறி வந்த மற்றவர்கள் இந்தக் கேள்விக்குப் பக்கம் பக்கமாக உருகி எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த உருக்கம் வராது. திருத்தணியை நினைத்தால் எனக்கு மலையும் வருவதில்லை, மணியும் வருவதில்லை. ஒரு தோல் பந்து வருகிறது. ஆகையால் அந்தப் பந்தைப் பற்றியே எழுதுகிறேன். படித்துவிட்டு யாராவது கோபித்துக்கொண்டால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

யுத்தத்தின்போது ஜப்பான்காரன் சென்னைமேல் குண்டு போடப்போகிறான் என்ற பீதியில், பட்டணத்துக் குடும்பங்கள் மூட்டைமுடிச்சோடு ரயிலேறி எங்கள் ஊரில் வந்து இறங்கின. முருகன் மலைப்பக்கம் ஜப்பான்காரன் வரமாட்டான் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கவேண்டும். அப்படி வந்த ஒரு காலேஜ் பையன் கையில் பந்து இருந்தது. வறண்ட ஏரிக்குள் நாலு மூங்கிலை நட்டு எங்களுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தான். குண்டு விழவில்லை, பட்டணத்தார் திரும்பிப் போனார்கள். பெட்டியில் இடமில்லாததால் பந்து எங்களிடம் தங்கிவிட்டது. வேலவர் கால்பந்துச் சங்கம் அப்படித்தான் பிறந்தது. பதினொரு பேர், ஒரு பந்து, லுங்கித் துணியில் தைத்த பச்சைக் கட்டம் போட்ட சட்டைகள், இவ்வளவுதான் சொத்து. துணி கொடுத்தவர்கள் பொதட்டூர்பேட்டை நெசவாளர்கள். நூல் கிடைக்காமல் தறி நின்றுபோன நாளெல்லாம் அவர்கள் பஸ் கூரைமேல் ஏறி ஆட்டம் பார்க்க வந்துவிடுவார்கள். தாலுகா ஆபீஸ் சேவகர்கள், மலையில் மொட்டை போடும் நாவிதர்கள், பூக்காரர்கள், ஜட்காக்காரர்கள் என்று கரைமேல் எப்போதும் ஐந்நூறு தலை. கோல் விழுந்தால் இங்கே 'கோல்' என்று கத்துகிறார்கள். அங்கே 'அரோகரா'. பெனால்டி கிடைத்தால் மூங்கிலடியில் தேங்காய் உடைப்பார்கள். அந்தச் சில்லைப் பொறுக்கி முடித்த பிறகுதான் உதைக்க முடியும். ஜட்கா ஓட்டும் ஏழுமலை இவர்களுக்கெல்லாம் தலைவன். சங்கம் ஒரு கோப்பை ஜெயிக்கும்வரை தாடி எடுப்பதில்லை என்று வேண்டுதல். அந்தத் தாடியைப் பார்த்துக் குதிரையே மிரளும் என்பார்கள்.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். பந்து தோல். மாட்டுத் தோல். அதை எங்களில் யாரும் கையால் தொடமாட்டோம். காலில் படலாம், செருப்பும் தோல்தானே என்று அதற்கு ஒரு நியாயம். கையாலோ தலையாலோ தொட்டால் வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சொல்லிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், எத்தனை வீட்டில் அது நிஜம் என்று. நாங்கள் சொல்லிப் பார்க்கவில்லை. ஆகவே தலையால் முட்டாமல், உயரே தூக்கி அடிக்காமல், தரையோடு தரையாக உருட்டி ஆடப் பழகினோம். அதில் கெட்டிக்காரர்களாகவும் ஆனோம். கையால் பந்தைத் தொட்ட குற்றம் எங்கள் சங்கத்தின்மேல் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. வெளியூர்க்காரர்கள் எங்கள் ஒழுக்கத்தை மெச்சிப் பேசுவார்கள். நாங்களும் நெஞ்சை நிமிர்த்திக் கேட்டுக்கொள்வோம்.

ஆனால் கோல்காப்பவன் கையால் பிடித்தாகவேண்டும். அதற்குத்தான் முனுசாமி. சந்தைமுனையில் செருப்பு தைக்கிறவர் மகன். ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்குகிற வேலை, என் வயதுதான், உரல்மாதிரி உடம்பு. பந்துக்குக் காற்றடிப்பது, தோல்வாரை இழுத்துக் கட்டுவது, சாக்குப்பையில் போட்டு எடுத்துவருவது, எடுத்துப்போவது எல்லாம் அவன். பக்கக்கோட்டைத் தாண்டிப் பந்து போனால் கையால் எறியவேண்டும் அல்லவா? அதுவும் அவன். கோலை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் ஓடிவருவான், எறிவான், திரும்ப ஓடுவான். ஓர் ஆட்டத்தில் முப்பது தடவை. உலகத்தில் வேறெந்த ஊரிலும் கோல்காப்பவன் இப்படி ஓடியிருக்க மாட்டான். எங்களுக்கு அது விசித்திரமாகவே தோன்றவில்லை. ஆட்டம் முடிந்தால் சோடாக்கடையில் எங்களுக்கு டம்ளர், அவனுக்கு மட்டும் பாட்டிலோடு. ஜெயித்தால் கூட்டம் எங்களைத் தோளில் தூக்கும். பத்துப் பேரைத் தூக்கும். பதினோராவது ஆள் சாக்குப்பையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்து வருவான்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஊர் அரிசி மில் முதலாளி ஒரு கோப்பை வைத்தார். ஆறு ஊர்கள் வந்தன. அரை இறுதியில் முனுசாமி த்ரோ எறிய ஓடிவந்த நேரம் பார்த்து எதிரணிக்காரன் பந்தைப் பறித்துக் காலி கோலுக்குள் உருட்டிவிட்டான். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. மூன்று கோல் போட்டு எப்படியோ ஜெயித்தோம். ஆனாலும் ஏழுமலை கரையிலிருந்து இறங்கிவந்து எல்லார் முன்னாலும் கத்தினான்.

"கோலை வுட்டுட்டு இன்னாடா மேஞ்சிகினு இருந்த? இந்த தாடி உனக்கு விளையாட்டாப் பூடுச்சா?"

நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் முனுசாமி எங்களை ஏரிக்குள் உட்காரவைத்து, நின்றபடியே பேசினான். "நகரிக்காரனோட பைனல் ஆட்டத்துல நான் கோலை வுட்டு நகர மாட்டேன். த்ரோ அவனவன் எறிஞ்சிக்கணும். இஷ்டமா சொல்லுங்க. இல்லன்னா வேற ஆளைப் பார்த்துக்கங்க."

எங்கள் காப்டன் ரங்கய்யா. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், என்னைப் பாவா, அதாவது மச்சான் என்று கூப்பிடுவான், சொந்தம் ஒன்றும் கிடையாது. அவன் எல்லார் முகத்தையும் பார்த்தான். எல்லாரும் மண்ணைப் பார்த்தார்கள். இடதுபக்க ஹாஃப்பில் ஆடுகிறவன் நான். இடதுகோட்டு த்ரோ எல்லாம் என் கணக்கில்தான் வரும். எனக்கு என்ன வேகம் வந்ததோ, எழுந்து நின்று, "நான் எறியறேன் முனுசாமி. கையால எறியறேன்" என்றேன். அவன் என் பக்கம் திரும்பினான். "மெய்யாவா?" என்றான். "ஆங், மெய்யாத்தான்" என்றேன். அவன் சிரித்தான். அந்த வாரம் முழுக்க எங்கள் நிலத்துத் தோப்பில் ஒரு முழுத் தேங்காயை வைத்துத் தலைக்குமேல் தூக்கி எறிந்து பழகினேன். தேங்காயை வைத்து! அப்போதே எனக்குப் புரிந்திருக்கவேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் மலாயாவுக்கு வருகிறேன். இங்குள்ளவர்கள் ஆட்டத்தை எப்படி நேசிக்கிறார்கள் என்பது நம்மவர்களுக்குத் தெரிந்தால் நல்லது. பெரிய ஆட்டமென்றால் பொமோ என்ற மந்திரவாதியைக் கூப்பிட்டு மழையைக் கட்டச் சொல்கிறார்கள். அவர் திடல் மூலையில் உட்கார்ந்து மிளகாயும் வெங்காயமும் கோத்த குச்சியை மண்ணில் குத்திவைத்துக்கொண்டு வானத்தை முறைக்கிறார். பாதி நாள் மழை கொட்டுகிறது. அப்போது அவரை யாரும் திட்டுவதில்லை, எதிரணியின் பொமோ கெட்டிக்காரன் என்று பேசிக்கொள்கிறார்கள். எனக்கு ஏழுமலை தாடி ஞாபகம் வந்தது. இந்த விஷயத்தில் இரண்டு தேசமும் ஒன்றுதான். வித்தியாசம் எங்கே என்றால், ஆட்டம் முடிந்ததும் சீனன், மலாய்க்காரன், நம் ஆள் எல்லாரும் ஒரே வாளியில் தண்ணீர் மொண்டு முகம் கழுவுகிறார்கள். இதைப் பார்த்து மலாயா சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். துரைமார் கிளப் வாசலில் நம்மைப் போன்றவர்களுக்கு என்ன மரியாதை என்பது கதவைத் தட்டியவர்களுக்குத் தெரியும். நான் பார்த்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது ஆசாரமெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் வாந்தியோடு அதுவும் போய்விட்டது. யார் கொடுத்த தண்ணீர் என்று பார்க்காமல் குடித்தேன். அதோடு எல்லாம் விட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன், போன மாதம் பந்து காலடியில் வந்து நிற்கும்வரை.

நகரிக்காரர்களுடன் ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் பக்கம் 'கோவிந்தா' என்று கத்துவார்கள், எங்கள் பக்கம் 'அரோகரா'. தூரத்திலிருந்து கேட்கிறவனுக்கு இரண்டு திருவிழா மோதிக்கொண்டதுபோல இருந்திருக்கும். நகரிக்காரர்கள் எங்களைவிட ஆசாரம் பார்க்கிறவர்கள். ஆனால் பந்தை மட்டும் கூச்சமில்லாமல் கையால் எடுத்து எறிந்தார்கள். அதைப் பார்த்து எங்கள் கரையில் 'சீ' என்று சிரிப்பு. நடுவர் அரக்கோணத்திலிருந்து வந்த ஆங்கிலோ-இந்திய ரயில்வே கார்டு. என் நைனா அன்றைக்குத்தான் முதல்முதலாக ஆட்டம் பார்க்க வந்திருந்தார். கனகம்மாசத்திரம் சாலையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். அவர் ஏர் நின்றால் உடம்பு வலிக்கிற ஜாதி, ஆட்டபாட்டத்துக்கெல்லாம் வரமாட்டார். ஊரே போகிறது என்று தானும் வந்து, குடையை ஊன்றி, இடதுகோட்டுக்குச் சரியாக வெளியே நின்றுகொண்டார். ஐந்நூறு பேர் நிற்க இடமிருந்த கரையில் அவருக்கு அங்கேதான் இடம் கிடைத்தது.

முனுசாமி சொன்னபடி கோலை விட்டு அசையவில்லை. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? பந்து வெளியே போகாமல் பார்த்துக்கொண்டோம். பத்துப் பேரும் திடலின் நடுவே ஒரு முழம் இடத்தில் முட்டிமோதி ஆடினோம். கோட்டுப் பக்கம் பந்து போனால் உயிரைக் கொடுத்து ஓடி உள்ளே இழுத்தோம். பந்து எங்களைத் தாண்டி வெளியே போன இரண்டு தடவையும் நல்லவேளையாக எங்கள் காலில் பட்டுத்தான் போனது, எறிகிற முறை அவர்களுக்கு வந்தது. "இன்னாடா கல்யாணப் பந்தியிலயா உக்காந்துகினு இருக்கீங்க, பரவி ஆடுங்கடா!" என்று கரை கத்தியது. ஆளுக்கொரு கோல் விழுந்திருந்தது. முனுசாமி பிடித்தது மட்டும் ஏழெட்டு இருக்கும். ஒன்றை விரல்நுனியால் தட்டி மூங்கிலுக்கு மேலே அனுப்பினான். அப்போது ஏழுமலை, "முனுசாமீ!" என்று ஒரு கூப்பாடு போட்டான் பாருங்கள், எங்கள் கரையில் அந்தப் பெயரை யாரும் அதற்குமுன் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஐந்நூறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவன் காதில் விழாதமாதிரி கையில் துப்பித் தேய்த்துக்கொண்டான்.

ஆட்டம் முடியும் நேரம். நகரிக்காரன் ஒருவன் காலில் பட்டு பந்து இடதுகோட்டைத் தாண்டியது. உருண்டு போய் நைனா குடைக்கு அருகே நின்றது. எறிய வேண்டியது நாங்கள், அதாவது நான். நகரிக்காரர்கள் இன்னும் அவரவர் இடத்துக்குத் திரும்பவில்லை. ரங்கய்யா அவர்கள் கோலுக்கு முன்னால் தனியாக நின்று இரண்டு கையையும் ஆட்டுகிறான். "பாவா! எறி பாவா!" திரும்பிப் பார்த்தேன். முனுசாமி கோலில் நிற்கிறான். நகரவில்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். குனிந்தேன். நிமிர்ந்தேன். நைனா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரை முழுக்கச் சத்தம் நின்றுபோயிற்று. அந்த அமைதியில் ஏழுமலையின் குரல்தான் கேட்டது: "துண்டு போட்டு எடுடா கன்னியப்பா!" தன் தோளில் கிடந்த துண்டையும் உருவி வீசினான். அது என் கையில் வந்து விழுந்தது.

அந்தத் துண்டைப் பந்தின்மேல் போட்டுச் சுற்றி, துணியோடு தூக்கினேன். நடுவர் ஓடிவந்தவர், பந்து ஈரம், துடைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். மூன்று மாதமாக ஒரு சொட்டு மழை இல்லை. "வெரி குட், குவிக்லி!" என்றார். நானும், "எஸ் சார்" என்றேன். தலைக்குமேல் தூக்கி எறிந்தேன். துண்டு என் கையில் தங்கியது, பந்து போய் ரங்கய்யா காலடியில் விழுந்தது. ஒரே உதை. அரோகரா சத்தத்தில் ஏரிக்கரைப் பனைமரத்திலிருந்த காக்கையெல்லாம் கிளம்பிவிட்டன.

விசில் ஊதியதும் கரை இறங்கியது. ஏழுமலை முதல் ஆளாக வந்து என்னைத் தோளில் தூக்கிக்கொண்டான். கோல் போட்டவனை விட்டுவிட்டு எறிந்தவனைத் தூக்கினார்கள். ஆசாரமும் கெடாமல் கோப்பையும் வந்தது அல்லவா, அந்த யோசனைக்காரன் தலைவன்தானே. தோள்மேலிருந்து பார்த்தேன். முனுசாமி தன் கோலிலிருந்து நிதானமாக நடந்து வந்தான். வழக்கம்போல வலைக்குள்... வலை ஏது எங்களுக்கு, நகரிக்காரர்கள் பக்கத்து மூங்கிலுக்குப் பின்னால் கிடந்த பந்தை எடுத்தான். கூட்டம் வழிவிட்டது. எனக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தான். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நீ ஒரு கொரலு குடுத்திருந்தா நானே ஓடியாந்து எறிஞ்சிருப்பேன் கன்னியப்பா. துண்டு எதுக்கு?"

பந்தைத் தரையில் வைத்தான். சாக்குப்பையையும் அதன் பக்கத்தில் வைத்தான். பச்சைக்கட்டச் சட்டையோடு கரையேறிப் போய்விட்டான். எனக்குத் தோள் கொடுத்தவர்கள் அப்போதும் என்னை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். இறக்குங்கடா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லவேண்டியது அதைத்தான், வேறொன்றுமில்லை. வெட்கமாக இருந்தது, ஆனால் தோளில் இருப்பது சுகமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன என்பதை இங்கே வந்து இரண்டு வருஷம் கழித்து எழுதும்போதுதான் ஒத்துக்கொள்ள முடிகிறது.

பிறகு நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். கோப்பை மேளதாளத்தோடு மலைக்குப் போயிற்று. ஏழுமலை தாடியை முடியோடு சேர்த்துக் கொடுத்தான். பந்து ஏரிக்குள் அப்படியே கிடந்தது. இருட்டுமுன் எடுத்துவைக்கவேண்டுமே! சாக்கை விரித்துப் பிடித்து உள்ளே உதைத்துப் பார்த்தோம், ஏறவில்லை. கடைசியில் நாங்கள் நாலு பேர் காலாலேயே உருட்டிக்கொண்டு கடைத்தெரு வழியாக, வண்டிகளுக்கு ஊடே, அரிசி மில்வரை கொண்டுபோய்ச் சேர்த்தோம். வென்றவர்கள் ஊர்வலம் ஒரு தெருவில், வெற்றி தந்த பந்து இன்னொரு தெருவில். அடுத்த ஞாயிறு எல்லாரும் வந்தார்கள். பந்தில் காற்று இறங்கியிருந்தது. வாய்வைத்து ஊத ஆளில்லை. ரங்கய்யா இரண்டு தடவை கூட்ஸ் ஷெட்டுக்குப் போய்க் கூப்பிட்டான். "எனக்கு வேலை கீது" என்று முனுசாமி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டானாம். நான் போகவில்லை. என்னைத்தான் அவன் எதிர்பார்த்திருப்பான், தெரிந்தே போகவில்லை. ஒரு கோப்பை ஜெயித்து, ஜெயித்த அன்றே செத்த சங்கம் எங்களுடையது. அடுத்த வருஷம் இங்கே கிராணி வேலை இருக்கிறது என்று உறவுக்காரர் எழுதினார். சம்பளத்துக்காகக் கடல் தாண்டினேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். சம்பளம் ஒரு காரணம்தான்.

போன புதன்கிழமை ரங்கய்யாவிடமிருந்து கடிதம் வந்தது. அவன் பேசுகிறமாதிரியே எழுதுவான். 'பாவா, சங்கம் மறுபடி ஆரம்பிச்சாச்சு. புதுப் பந்து வாங்கியாச்சு. முனுசாமி வந்துட்டான். ஆனா ரெண்டு கண்டிஷன் போட்டான். ஒண்ணு, த்ரோவை அவனவன் வெறுங்கையால எறியணும், துண்டு கிண்டு கூடாது. ரெண்டாவது, கன்னியப்பன் எந்த டீம்ல ஆடறானோ அதுல அவன் ஆட மாட்டான். ரெண்டாவது கண்டிஷன் எங்களுக்குக் கஷ்டமில்ல, நீதான் கடலுக்கு அந்தாண்ட கீறியே. நீ அங்க போனது நல்லதாப் பூடுச்சு பாவா, தப்பா நெனச்சிக்காத. மொதக் கண்டிஷனுக்குத்தான் மூணு வாரம் ஆச்சு. யார் மொதல்ல தொடறதுன்னு ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பார்த்துகினு இருந்தோம். அன்னிக்கு உங்க நைனா அந்தப் பக்கமா மாட்டை ஓட்டிகினு வந்தாரு. பந்து அவராண்ட போச்சு. குனிஞ்சி எடுத்தாரு. ரெண்டு கையாலயும் தூக்கி உள்ள போட்டாரு. இதுக்கா இவ்ளோ நேரம்னு கேட்டுட்டு மாட்டை ஓட்டிகினு போய்கினே இருந்தாரு. அதோட எல்லாரும் எறிய ஆரம்பிச்சிட்டோம்.'

அந்தக் கடைசி வரிகளை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அன்றைக்குக் குடையை ஊன்றி நின்ற மனுஷன் என்னைப் பார்த்தார், உண்மைதான். தொடாதே என்று பார்த்தார் என்பதை அந்தப் பார்வையில் எழுதிப் படித்தவன் நான். ஒருவேளை, ஏன்டா நிற்கிறாய், எடுத்து எறியேன் என்றுதான் பார்த்தாரோ என்னவோ. அல்லது அன்றைக்குத் தொடாதே என்றே பார்த்து, என் துண்டைக் கண்டபிறகு மனசு மாறினாரோ. இனிமேல் அதை அவரிடம் எப்படிக் கேட்பது? கடிதத்தில் கேட்கிற கேள்வியா அது? முனுசாமி கோலுக்குத் திரும்பிவிட்டான் என்பதில் மட்டும் சந்தோஷம் இருந்தது. ரங்கய்யாவுக்குப் பதில் எழுதினேன். இரண்டாவது கண்டிஷனை மினிட் புத்தகத்தில் எழுதிவைக்கச் சொன்னேன். லீவில் ஊருக்கு வந்தாலும் அதை மாற்றக்கூடாது, நான் கரையில் நின்று பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நான் அங்கே இல்லாதபோது என் ஊர் சரியாகிறது. ஊருக்கு நான் செய்த உதவி புறப்பட்டு வந்ததுதான் போலிருக்கிறது.

மூன்று நாள் கழித்துச் சனிக்கிழமை. பினாங்கிலிருந்து பலமான அணி வந்திருந்தது. எங்கள் ஈப்போ அணி என்று எழுதப் பேனா கூசவில்லை. மாதத்தில் நாலு சனிக்கிழமை கத்துகிறேனே. இஸ்மாயிலும் நானும் கயிற்றோரம் நின்றோம். பொமோவின் மிளகாய்க்கு மதிப்புக் கொடுத்து மழை ஒதுங்கியிருந்தது. திடலுக்கு மேற்கே மலைகளுக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இங்கே ஆறு மணி என்றால் ஊரில் இன்னும் நாலுதான். முனுசாமி இனிமேல்தான் ஷெட்டிலிருந்து கிளம்பி ஏரிக்கு வருவான் என்று மனசு கணக்குப் போட்டது. அந்த நேரம் பார்த்து யாரோ உதைத்த பந்து கோலின் மேல்மூலைக்குப் பறந்தது. கோல்காப்பவர் எகிறி விரல்நுனியால் தட்டி வெளியே அனுப்பினார். அவ்வளவுதான், நான் என்னை மறந்து, தொண்டை கிழிய, "முனுசாமீ!" என்று கத்திவிட்டேன்.

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இஸ்மாயில் இரண்டு அணி ஆட்டக்காரர்கள் பெயரையும் மனப்பாடமாக வைத்திருப்பவர். நெற்றியைச் சுருக்கினார். "சியாபா இத்து?" யார் அது என்று கேட்கிறார். கோல்காப்பவன் என்றேன். அவர் ஈப்போ கோலைப் பார்த்தார், பினாங்குக் கோலைப் பார்த்தார். இரண்டிலும் அந்தப் பெயரில் ஆளில்லை. "செபெலா மானா?" என்றார். எந்தப் பக்கம்?

என் கை தானாக எழுந்து மேற்கே காட்டியது. கடல் அந்தப் பக்கம்தான். ஆனால் அன்றைக்குப் பினாங்குக்காரர்களின் கோலும் அந்தப் பக்கம்தான் இருந்தது. இஸ்மாயில் என் கையைப் பார்த்தார், அது காட்டிய கோலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார். எதிரணிக்குக் கத்துகிறவன் பக்கத்தில் யார் நிற்பார்கள்?